டிடெக்டரில் விழுவது எது?

கூரான ஒரு முனையைச் சாம்பிளின் பரப்புக்கு மிக அருகே கொண்டுபோய், அங்கே சிதறும் ஒளியைக் கொண்டு படம் எடுப்பது அண்மைப்புல ஒளி நுண்நோக்கி. அதில் டிடெக்டருக்கு என்ன போய்ச் சேரும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் முனைக்கு அடியில் உள்ள மின்புலத்தைக் கணக்கிட்டு, அதன் வர்க்கத்தை வரைந்து, இதுதான் படம் என்று கொண்டுவருவார்கள். கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் டிடெக்டர் அங்கே இல்லையே! குவிக்கும் ஆடியையும் தாண்டி, வெகு தள்ளி அல்லவா இருக்கிறது.

முனையின் நுனி ஆரம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். அதன்மேல் விழும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளமோ 10 மைக்ரோமீட்டர். திரும்பி வருவதில் பெரும்பகுதி முனையின் தண்டிலும் சாம்பிளின் பரப்பிலும் பட்டுச் சிதறிய ஒளிதான். அதனால்தான் முனையை அதிரவிட்டு, அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று மடங்குகளில் சிக்னலைப் பிரிக்கிறோம். நுனியின் பங்கு தூரத்தோடு சட்டென்று சரியும். தண்டிலிருந்தும் பரப்பிலிருந்தும் வரும் பின்னணி ஒளியோ அந்தச் சில பத்து நானோமீட்டர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக மாறும். அது முதல் மடங்கோடு நின்றுவிடும்.

சரி, பின்னணி ஒழிந்தது என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. டிடெக்டர் அளப்பது செறிவை. நுனியின் புலத்தையும் பின்னணியின் புலத்தையும் கூட்டி வர்க்கம் எடுத்தால் நடுவில் ஒரு பெருக்கல் உறுப்பு வருகிறது. அது மூன்றாம் மடங்கிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பின்னணியின் கட்டம் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பது) இடத்துக்கு இடம் மாறினால், பொருள் மாறாமலே படத்தில் வெளுப்பு கறுப்பாகும். சாம்பிளில் படாமல் தனியே டிடெக்டருக்கு வரும் ஒப்புக் கற்றையின் கண்ணாடியையும் இன்னொரு அதிர்வெண்ணில் ஆட்டி, வீச்சையும் கட்டத்தையும் தனித்தனியே எடுக்கும் முறை 2006-இல் வந்தது இதற்காகத்தான். என் கணக்கு மாதிரியில் அந்தக் கண்ணாடிக்கும் இடம் உண்டு.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது லோரன்ட்ஸின் தேற்றத்தைப் பயன்படுத்தும் இடம். மூலத்தையும் டிடெக்டரையும் இடம் மாற்றி வைத்தாலும் சிக்னல் மாறாது என்பதே அது. டிடெக்டர் இருக்கும் இடத்தில் ஒரு மூலத்தை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறோம், கணக்கில்தான். முனை மட்டும் இருக்கையில் அது உண்டாக்கும் புலத்தை, அளவீட்டின்போது சாம்பிளில் தூண்டப்படும் மின்னோட்டத்தோடு பெருக்கித் தொகையிட்டால், டிடெக்டரில் சாம்பிளின் பங்கு கிடைத்துவிடும். ஆடியின் கோணம், ஒளியின் அதிர்வுத் திசையைத் தேர்ந்தெடுக்கும் துருவமாக்கி எல்லாம் அதில் தாமாகவே வந்து சேரும். நீளமான முனை ஏன் செங்குத்துப் புலத்தையே அதிகம் பிடிக்கிறது என்பதும் அப்போது பளிச்சென்று தெரியும்.

யார் படம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, முனையை மெல்ல விலக்கும்போது சிக்னல் எப்படி விழுகிறது என்பதை. மூன்றாம் மடங்கு சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கினால் மேலே பேசலாம். வால் நீண்டால், பின்னணி இன்னும் உள்ளே இருக்கிறது.