பூ இல்லாத ஜனவரியில் ஊட்டி தாவரவியல் பூங்கா

ஊட்டி என்றாலே மே மாதம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை ஜனவரியில் போய்ப் பாருங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். பூ குறைவுதான். ஆனால் மே மாதப் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதை இப்போதுதான் பார்க்க முடியும்.

முதலில் எரிச்சல்களைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் இருட்டோடு ஏறிய பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் மூடவில்லை. பர்லியாறு வரை பொறுத்துக்கொண்டேன். குன்னூர் வந்தபோது காது மரத்துப் போயிருந்தது. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பூங்காவுக்கு 250 ரூபாய் என்கிறார் ஒரு ஆட்டோக்காரர். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, அதுவும் சீசன் இல்லாத நாளில்! வேண்டாம் என்று சேரிங்கிராஸ் வழியாக நடந்தேன். தங்கிய இடத்தில் வெந்நீருக்குத் தனிக் காசு, இன்னொரு கம்பளிக்குத் தனிக் காசு. வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விட்டது. அறை பிடிக்கும்போதே இதையெல்லாம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

சரி, பூங்காவுக்கு வருவோம். தொட்டபெட்டா சரிவில் 55 ஏக்கர். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் 1848இல் இதை உருவாக்கத் தொடங்கினார். கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டேன். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல் உறைபனி. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு முழுக்க மேலே போய்விடும். கனமான குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டை விடப் பள்ளத்தில் பனி அதிகம். செடிக்குள் இருக்கும் நீர் உறைந்தால் இலை கருகிவிடும். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் புல்லில் படிந்த பனியைக் கரைக்கிறார்கள். பூச்செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்ற புதர்ச்செடியைக் கூரை மாதிரி செருகி வைக்கிறார்கள். இரவில் தரைச் சூடு முழுதும் போய்விடாமல் அது தடுக்கிறது. எந்த இயந்திரமும் இல்லாமல் எவ்வளவு அருமையான ஏற்பாடு!

மிலார் செருகிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எல்லாரும் மே மாசம் வந்து போட்டோ எடுப்பாங்க தம்பி. அந்தப் பூவுக்கெல்லாம் இப்பவே வேலை ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்றார். எந்த விதையை எப்போது போடுவது என்ற கணக்குத்தான் இங்கே குளிர்காலத் திட்டம். சால்வியா, டெல்பினியம் எல்லாம் பூக்க நாள் எடுக்கும். மேரிகோல்டு சீக்கிரம் வந்துவிடும். ஆனால் மே மாத மலர் கண்காட்சி வாரத்தில் எல்லாமே சேர்ந்து பூத்து நிற்க வேண்டும். 2025 மே மாதம் நடந்தது 127ஆவது மலர் கண்காட்சி. அத்தனை கண்காட்சிகளுக்கும் பின்னால் இப்படி ஒரு குளிர்கால உழைப்பு இருந்திருக்கிறது. அந்த அக்காவின் கையுறையில் விரல் நுனியெல்லாம் கிழிந்திருந்தது. பார்க்கவே வருத்தமாக இருந்தது. அலங்கார வளைவுக்குச் செலவு செய்வதற்கு முன் இவர்களுக்கு நல்ல கையுறையும் பூட்ஸும் வாங்கித் தர வேண்டும்.

அப்புறம் கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலைமர நாற்றங்காலில் தன்னார்வ வேலை. சோலை என்பது இந்த மலைப் பள்ளங்களில் இயற்கையாக இருக்கும் காடு. தெரிந்தவர் மூலமாகப் போனேன். பையில் மண் நிரப்புவது, களை எடுப்பது, நாற்றுகளுக்குப் பனி மறைப்பு கட்டுவது. மதியத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது, ஆனாலும் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்! சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்கிறவை. ஜூன் மழையில் நட வேண்டுமென்றால், எந்தச் சரிவில் எதை நடுவது, அங்கே மண்டிக்கிடக்கும் வெளிநாட்டு வரவுகளான உண்ணிச்செடியையும் சீகை (வாட்டில்) மரத்தையும் யார் அகற்றுவது என்று இப்போதே பேசி முடித்தாக வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கும், வருடா வருடம் ஆள் போய்ப் பிடுங்க வேண்டும். தன்னார்வலர்கள் தேவைப்படுவது அதற்குத்தான். ஒருநாள் மரம் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் பெரிய பயன் இல்லை. பள்ளத்துப் பக்கம் ஒரு காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்) அதற்குள் சிவப்பாகப் பூத்திருந்தது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

பொதுப் பூங்காக்கள் எல்லாமே குளிர்காலத்தில் மக்களை வேலைக்கு அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதலாம், விதை சேகரிக்கலாம், எந்த மரம் எந்த வாரம் பூக்கிறது என்று குறித்து வைக்கலாம். இதற்கெல்லாம் பெரிய பயிற்சி தேவையில்லை, ஒழுங்காக வந்தால் போதும்.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, அதனால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். உறைபனி பார்க்க வேண்டுமென்றால் வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள் காலை, வெயில் வருவதற்குள் போய்விட வேண்டும். நாற்றங்கால் வேலைக்குப் பழைய செருப்பு உதவாது, ஷூ வேண்டும். கையுறையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். திரும்பும்போது ஊட்டிக்குப் போகாமல் கோத்தகிரியிலிருந்து நேராக மேட்டுப்பாளையம் இறங்கினேன். நேரமும் மிச்சம், பஸ் கட்டணமும் குறைவு.