ஒரு 'தி' குறைந்ததால் நான் நோயாளியான கதை

மாமனாருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து மணிக் கூட்டத்துக்கு வர முடியாது என்று அலுவலகக் குழுவுக்கு ஒரு வரி தட்டினேன். 'ஐ ஆம் இன் ஹாஸ்பிடல். கான்ட் ஜாயின் டுடே.' அத்தோடு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் 23 செய்திகள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்கிறார் ஒருவர். பூங்கொத்துப் படம் அனுப்பியிருக்கிறார் இன்னொருவர். என் வேலைகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. இதுவரைக்கும் எனக்கு வருத்தமில்லை. மனிதவளத் துறையின் மின்னஞ்சல்தான் வயிற்றைக் கலக்கியது. மறுபடி வேலைக்கு வரும்போது மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம்.

மேலாளருக்குப் போன் போட்டேன். பிரிட்டிஷ்காரர்.

"எனக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன்."

"இன் ஹாஸ்பிடல் என்று எழுதியிருந்தீர்களே?"

"ஆமாம், ஹாஸ்பிடலில்தான் இருக்கிறேன்."

"படுத்துக்கொண்டா?"

"இல்லை, நாற்காலியில்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல, "அப்படியானால் 'இன் தி ஹாஸ்பிடல்' அல்லது 'அட் தி ஹாஸ்பிடல்' என்று எழுதியிருக்க வேண்டும்" என்றார்.

விஷயம் இதுதான். ஹாஸ்பிடல், ஸ்கூல், ப்ரிசன் மாதிரி சில சொற்களுக்கு ஆங்கிலத்தில் தனி நியாயம். அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே நீங்கள் அங்கே இருந்தால் 'தி' கிடையாது. 'இன் ப்ரிசன்' என்றால் கைதி. 'இன் தி ப்ரிசன்' என்றால் குழாய் ரிப்பேர் பண்ணப் போனவராகக்கூட இருக்கலாம். மாமனார் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார் என்பதற்கு அன்றைக்குத்தான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

குழுவில் ஒரு அமெரிக்கரும் உண்டு. அவர்கள் வழக்கில் நோயாளியாகவே இருந்தாலும் 'இன் தி ஹாஸ்பிடல்'தான். ஆகவே 'தி' போட்டிருந்தாலும் அந்தப் பூங்கொத்து எப்படியும் வந்திருக்கும்.

இத்தனைக்கும் அந்த 'தி' தவறி விழுந்ததில்லை. நானே எழுதி, நானே அழித்தது. காரணம் மேலாளர்தான். சேர்ந்த புதிதில் என் அறிக்கையில் போகிற வழியெல்லாம் 'தி' செருகித் திருப்பி அனுப்பினார். சரி, இவருக்கு 'தி' பிடிக்கும்போல என்று அடுத்த அறிக்கையில் விதை தூவுவதுபோலத் தூவினேன். 'தி நேச்சர்', 'தி லைஃப்', 'தி சொசைட்டி'. அதில் முக்கால்வாசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அன்றிலிருந்து கை நடுக்கம். எந்த 'தி'யைப் பார்த்தாலும் அது களையா பயிரா என்று சந்தேகம்.

விதியைப் படித்துத் தெளியலாம் என்றால் அது அதற்குமேல். சூரியனுக்கு 'தி' உண்டு, செவ்வாய்க் கிரகத்துக்குக் கிடையாது. நதிக்கு உண்டு, ஏரிக்கு இல்லை. இமயமலைத் தொடருக்கு உண்டு, அதிலேயே நிற்கிற எவரெஸ்டுக்கு இல்லை. நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக்கு உண்டு, ஆம்ஸ்டர்டாமுக்கு இல்லை. ஆம்ஸ்டர்டாம் என்ன பாவம் செய்ததோ.

இதோடு பார்த்தால் 'எ', 'அன்' பரவாயில்லை. ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற பழைய சொல் தேய்ந்துதான் 'அன்' ஆனது, அதுவும் தேய்ந்து 'எ' ஆனது. நம்மிடம் ஒரு, ஓர் இல்லையா, அதே குடும்பக் கதை. எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்டால் போதும். யுனிவர்சிட்டி உயிரெழுத்தில் தொடங்குவதாகத் தாளில் தெரியும், வாயில் 'யு' என்று வருவதால் 'எ'. ஹவரில் முதல் எழுத்து ஊமை, அதனால் 'அன்'. இதில் எனக்கு நூற்றுக்கு நூறு. தமிழில் 'ஓர்' போட வேண்டிய இடத்தில் 'ஒரு' போடுவேன், அது வேறு விஷயம். மேலே 'ஒரு அமெரிக்கர்' என்று எழுதியதை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மாமனார் தூங்கியதும் போனில் மேய்ந்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. 1969 ஜூலை 20 அன்று நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், 'ஃபார் எ மேன்', ஒரு மனிதனுக்குச் சிறிய அடி, என்று சொல்ல நினைத்தார். பூமியில் கேட்டவர்கள் காதில் அந்த 'எ' விழவில்லை. 'எ' இல்லாத 'மேன்' மனித இனத்தையே குறிக்கும் என்பதால் மனித இனத்துக்குச் சிறிய அடி, மனித இனத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்று ஆகிவிட்டது. அந்த 'எ'யைச் சொல்லத்தான் நினைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இன்னும் மோசம். அந்த ஆண்டுப் போரில் பிடித்த எந்தப் பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பதைச் சொல்லும் 'டெரிட்டரீஸ்' (பகுதிகள்) என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கிலப் படியில் 'தி' இல்லை. பிரெஞ்சுப் படியை 'தி' இருப்பதாகவே வாசிக்கலாம். எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்குக் கேட்டது ஒரு சான்றிதழ்தானே, போகட்டும்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்தபோது மனைவியின் அழைப்பு.

"அப்பாவுக்கு மாத்திரையை வாங்கிட்டீங்களா?"

"மாத்திரை வாங்கிட்டேன்."

"மாத்திரை வாங்கினீங்களா, மாத்திரையை வாங்கினீங்களா?"

மாட்டிக்கொண்டேன். வாங்கியது மாத்திரைதான். ஆனால் எனக்கு, தலைவலிக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, போனுக்குப் பின்னால் சட்டைப்பையிலேயே மடிந்து கிடந்தது. ஓர் 'ஐ' குறைந்ததை வைத்து, அறையில் இல்லாமலே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றபோதுதான் யோசித்தேன். 'நாற்காலி கொண்டு வா' என்றால் ஏதோ ஒன்று போதும். 'நாற்காலியைக் கொண்டு வா' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்த நாற்காலி. இரண்டாம் வேற்றுமை உருபு என்று மனப்பாடம் செய்த அந்த 'ஐ' பாதி நாள் 'தி' வேலையைத்தான் பார்த்திருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லைதான். 'டாக்டர் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, யாரோ ஒரு டாக்டரானாலும் 'டாக்டரைப் பார்த்தேன்'தான். ஆனால் பொருள்கள் விஷயத்தில் நான் மூன்று வயதிலிருந்தே ஒரு தடவைகூடப் பிசகாமல் போட்டிருக்கிறேன். எந்த மேலாளரும் திருத்தியதில்லை.

மறுநாள் மனிதவளத் துறையின் மின்னஞ்சலை இந்தத் தெளிவோடு திரும்பப் படித்தேன். 'எ மெடிக்கல் சர்டிஃபிகேட்' என்றுதான் கேட்டிருந்தார்கள். 'தி' இல்லை, 'யுவர்' இல்லை.

மாமனாருடையதை அனுப்பி வைத்தேன்.