காற்றே துருத்தியாக இருந்த மலைவிளிம்பு

ஆடி மாதக் காற்றைப் பற்றி இலங்கை மலையகத்து ஹப்புத்தளைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாதமலைப் பக்கமாக மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் குறைந்தாலும் வேகம் குறையாமல் நம் பக்கம் வருகிறது. பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால் குடையைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். மலையைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகு மட்டக்களப்பில் கச்சானாக வறண்டு வீசுவதும் இதே காற்றுதான்.

இந்தக் காற்றை வைத்து ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உருக்குச் செய்த ஊர்கள் நமக்குக் கீழேயே, பலாங்கொடைப் பக்கம் இருந்திருக்கின்றன. அந்த இடத்தைப் பார்க்கத்தான் மாமாவையும் கூட்டிக்கொண்டு சமனலவெவ போனேன். மாமா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். கத்தியைச் சுண்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே இரும்பின் தரத்தைச் சொல்லுவார். இந்தப் பயணத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்காது.

பெரகலையிலிருந்து ஹல்துமுல்லை வழியாகப் பாதை இறங்கிக்கொண்டே போகும். வலது கைப்பக்கம் ஹோர்ட்டன் சமவெளியின் தெற்கு விளிம்பு சுவர்போல நிற்கிறது. மேலே உலக முடிவு என்று எட்டிப் பார்க்கிறோமே, அதன் அடிவாரம் இது. பெலிஹுல்ஓயா தாண்டி, பம்பஹின்னையில் இறங்கி, முச்சக்கரவண்டி பிடித்தோம். வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும் காற்று முகத்தில் அறைந்தது.

இரும்பு எடுக்கும் ஊர் என்றதும் பெரிய சுரங்கத்தைத் தேடக்கூடாது. இங்கே தாது மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸும், சில அடி தோண்டினாலே இரும்புத் தாது கிடைப்பதாக எழுதியிருக்கிறார். தாதுவும் விறகும் இந்த மலைகளில் பல இடங்களில் உண்டு. காற்று அப்படியல்ல. அது எந்த முகட்டில், எந்தச் சரிவில், எந்த மாதத்தில் விடாமல் வீசும் என்று தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

1980களின் கடைசியில் அணைக்கட்டு வேலை நடந்தபோது, தண்ணீர் நிரம்பி எல்லாம் மூழ்கிப்போகுமுன் இந்தப் பள்ளத்தாக்கைத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஜில் ஜூலெஃப் என்ற பெண்மணி ஒன்றைக் கவனித்தார். பழைய உலைகள் எல்லாம் குன்றுகளின் மேற்கு விளிம்பில், மேற்குப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. துருத்தியில்லாமல் வெறும் காற்றால் அவ்வளவு வெப்பம் வராது என்பதே அதுவரை அறிஞர்கள் பலருடைய எண்ணம். அவர் 1994இல் அதே மண்ணில் அதே மாதிரி உலைகளைக் கட்டி, பருவக்காற்றிலேயே மூட்டிக் காட்டினார். உயர்கரிம உருக்கே கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. கி.பி. முதல் ஆயிரமாண்டில் இங்கே நடந்தது பெரும் தொழில் என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

“அது எப்புடி மருமகனே? துருத்தி போட்டாத்தானே கரி செவக்கும்?” என்றார் மாமா.

எனக்கு விளங்கிய அளவில் சொன்னேன். உலை உயரமானதல்ல. நீளவாட்டில் அமைந்தது, உயரத்தில் குட்டையானது. முன்சுவர் சரிவின் விளிம்பில் காற்றைப் பார்த்து நிற்கும். சுவரின் அடியில் களிமண் குழாய்கள் வரிசையாக இருக்கும். சரிவில் ஏறிவரும் காற்று சுவரின் தலைக்கு மேலே விரைந்து பாயும்போது, சுவருக்குப் பின்னால், நெருப்புக்கு மேலே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, கீழே உள்ள குழாய்கள் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடுகிறது. மேலே எவ்வளவு வேகமோ, கீழே அவ்வளவு இழுவை.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “லயத்துக் கூரைத் தகரத்த காத்து தூக்கிட்டுப் போற மாதிரி. அடியில தள்ளுறது பாதி, மேல இழுக்கிறது பாதி.”

அதேதான். நான் கட்டுரை கட்டுரையாகப் படித்து விளங்கிக்கொண்டதை, லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், வாழ்ந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் இரும்பை எடுக்க அந்த முன்சுவரை உடைத்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பின்சுவர் மட்டும் நின்றிருக்கும். எத்தனை பேரின் கை அந்த மண்ணைப் பிசைந்திருக்கும்!

தண்ணீர் வற்றியிருந்த ஒரு கரையில் கறுப்பாக, கண்ணாடிபோலப் பளபளக்கும் துண்டுகள் கிடந்தன. உலையிலிருந்து ஓடி உறைந்த கசடு. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், “யபொர, மல்லி” (கசடு, தம்பி) என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு அது அன்றாடம் காலில் படும் கல்.

9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபத்து, அதாவது இலங்கை, உருக்கைக் குறிப்பிடுகிறார். அந்த உருக்கில் இந்தக் கரையிலிருந்து போனதும் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

பிற்காலத்தில் துருத்தி வந்தது. பிறகு சீமை இரும்பு மலிவாக வந்து எல்லாவற்றையும் அணைத்தது. 1900களின் தொடக்கத்தில் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கம் வந்தபோது, இந்தத் தொழில் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அவர்களைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, 1908இல் தன் நூலில் எழுதிவைத்தார். அது மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கைப்பழக்கம் சுவடில்லாமல் போயிருக்கும். அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. மலையகத்து வரலாறு என்றால் 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்ததிலிருந்து பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த மலைச்சரிவுகளில் நமக்கு முன்னும் பாட்டாளிகள் காற்றையும் வெயிலையும் படித்து வேலை செய்திருக்கிறார்கள் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். உலக முடிவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

போகிறவர்கள் ஜூன் முதல் செப்டெம்பர் வரைக்குள் போங்கள். மற்ற மாதங்களில் அந்தக் காற்று இருக்காது, இடம் விளங்காது. கசடைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஆனால் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அது கிடக்கும் இடத்தை வைத்துத்தான் உலை எங்கே இருந்தது என்று அடுத்து வருபவர்கள் கண்டுபிடிக்க முடியும்.