97.5 என்ற எண்ணும் பிறவித் திறனும்

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் கூடும் இடங்களில், கைக்கடிகாரம் காட்டும் விஓ2 மேக்ஸ் எண்ணை, அதாவது கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவை, ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கடிகாரம் நம் மூச்சை அளப்பதில்லை. வேகத்தையும் இதயத் துடிப்பையும் வைத்து ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது, அவ்வளவுதான். உண்மையான அளவீடு ஆய்வகத்தில்தான் நடக்கிறது. அது சுகமான அனுபவமன்று.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி ஒன்றை மாட்டி, வீரரை டிரெட்மில்லில் ஓடவோ நிலைத்த சைக்கிளை மிதிக்கவோ விடுகிறார்கள். ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமோ சாய்வோ மிதிப்பின் கடினமோ கூட்டப்படுகிறது. வெளிவரும் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்பதைக் கருவி இடைவிடாமல் பதிவு செய்கிறது. சுமை ஏற ஏற ஆக்சிஜன் நுகர்வும் ஏறும். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு சுமையைக் கூட்டினாலும் நுகர்வு அதே இடத்தில் நின்றுவிடும். அந்த மட்டத்தை உடல் எடையால் வகுத்து, ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்கிறார்கள். தனிப் பயிற்சி இல்லாத, உடல்நலமுள்ள இளைஞருக்கு இது பெரும்பாலும் 40-க்குச் சற்று மேலோ கீழோ இருக்கும்.

இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தவர், 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில். அவரும் ஹார்ட்லி லப்டனும் 1923-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஹில் தாமே, வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் காற்றுப்பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார். தம் மூச்சைத் தாமே அளந்துகொண்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த உச்ச மட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நுரையீரல் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் மட்டத்தில் பெரும்பாலானோருக்கு அப்படியில்லை. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, அந்த இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பவையே முதன்மையான வரம்புகள். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா இதற்குச் சரியான சான்று. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனின் ஏற்பியில் பிறவியிலேயே இருந்த ஒரு மரபணு மாற்றத்தால், அவருக்குச் சிவப்பணுக்கள் இயல்பைவிட மிக அதிகமாக உற்பத்தியாயின. 1964 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தனிநபர் தங்கங்களை வென்றார். அந்த மாற்றம் எது என்பது அவருடைய குடும்பத்தினரை ஆராய்ந்த பிறகு, 1990-களில்தான் தெளிவாயிற்று.

அப்படியானால் எண் பெரிதாக உள்ளவரே முன்னால் வர வேண்டும் அல்லவா? 1970-களின் இரண்டு அமெரிக்க ஓட்டக்காரர்களைப் பார்ப்போம். ஸ்டீவ் ப்ரீஃபோன்டைனின் விஓ2 மேக்ஸ் 84-க்கும் மேல். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற ஃப்ராங்க் ஷார்ட்டருக்கு ஏறத்தாழ 71. ஆயினும் மூன்று மைல் ஓட்டத்தில் இருவருடைய சிறந்த நேரங்களுக்கும் இடையே ஒரு நொடி வேறுபாடுகூட இல்லை. 1967-இல் ஃபுகுவோகாவில் 2 மணி 9 நிமிடம் 36 நொடியில் ஓடி, மாரத்தானை முதன்முதலாக 2 மணி 10 நிமிடத்துக்குள் முடித்த ஆஸ்திரேலியர் டெரெக் கிளேட்டனுக்கோ 70-ஐக்கூடத் தொடாத எண். அவர் தம்மிடமிருந்த அளவில் 85 விழுக்காட்டுக்கும் கூடுதலான பங்கை மாரத்தான் முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடியவர். ஷார்ட்டரிடமும் கிளேட்டனிடமும் இருந்தது, வண்டிக்காரர்கள் சொல்வதுபோல, நல்ல மைலேஜ்: அதே வேகத்தில் ஓட மற்றவர்களைவிடக் குறைந்த ஆக்சிஜனே அவர்களுக்குப் போதும். எரித்ரியாவின் ஜெர்செனாய் டடேசே இந்தச் சிக்கனத்தில் அளவிடப்பட்டவர்களுள் முன்வரிசையில் இருப்பவர். 2010-இல் லிஸ்பனில் அரை மாரத்தானை 58 நிமிடம் 23 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார்.

பயிற்சியால் எண் எவ்வளவு ஏறும் என்பதிலும் பிறப்பின் கை இருக்கிறது. ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில், அதுவரை உடற்பயிற்சி செய்யாத நூற்றுக்கணக்கானோருக்கு 20 வாரங்கள் ஒரே வகையான பயிற்சி தரப்பட்டது. சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் அளவில் நுகர்வு உயர்ந்தது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய எதுவும் உயரவில்லை, வேறு சிலருக்கோ ஒரு லிட்டர்வரை உயர்ந்தது. ஒரே குடும்பத்தினரின் உயர்வுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்ததிலிருந்து, இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்பவழி வருவது என்று ஆய்வாளர்கள் கணித்தனர். ஆக, இயற்கை இருமுறை பங்கு பிரிக்கிறது: தொடக்க மட்டத்தில் ஒருமுறை, பயிற்சிக்கு உடல் எப்படி இணங்குகிறது என்பதில் இன்னொரு முறை. கடுமையாக உழைத்தால் யாரும் எதையும் எட்டலாம் என்னும் மேடைப் பேச்சை இந்த ஆய்வைப் படித்தபின் என்னால் முகம் சுளிக்காமல் கேட்க முடிவதில்லை.

இரண்டு பங்கும் ஒருவருக்கே நிறையக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் ஆஸ்கர் ஸ்வென்ட்சன் இருக்கிறார். சிறு வயதில் மலைச்சரிவில் பனிச்சறுக்கு விளையாடியவர். 15 வயதளவில் சைக்கிளுக்கு வந்தார். நெடுந்தூர விளையாட்டுக்கான பயிற்சி எதுவும் இல்லாதபோதே அவருடைய முதல் அளவீடு 74.6. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை எண்ணால் எழுதினால் இப்படித்தான் இருக்கும். 2012-இல், 18 வயதில், அவருக்குப் பதிவான 97.5 என்ற எண் உலகச் செய்தியானது. பின்னர் வெளியான ஆய்வுக் கட்டுரை அவருடைய உச்சத்தை 96.7 என்று குறித்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.4 லிட்டர் ஆக்சிஜன்! 2012-லேயே நெதர்லாந்தில் நடந்த இளையோர் உலகச் சாம்பியன் போட்டியில், ஒவ்வொருவரும் தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தை வென்றார். 2014-இல், 20 வயதில், பந்தயங்களிலிருந்து விலகிவிட்டார்.

இதை வீணாய்ப்போன திறமை என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. சாலைப் பந்தயம் என்பது நேரப் பந்தயத்தைப்போலத் தனியே மிதிக்கும் வேலையன்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் நெருங்கிச் செல்லும் கூட்டத்துக்குள் இடம் பிடிக்க வேண்டும், வளைவுகளில் அஞ்சாமல் இறங்க வேண்டும், யார் எப்போது பாய்வார்கள் என்று கணிக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் விரும்பிச் செய்யவும் வேண்டும். முகமூடிச் சோதனை இவற்றில் ஒன்றையும் அளப்பதில்லை. அளப்பதாக அது சொன்னதும் இல்லை.

அவர் விலகி 15 மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தபோது எண் 77-க்கு இறங்கியிருந்தது. மூன்று ஆண்டுப் பயிற்சி சேர்த்ததில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பிறப்பு தந்தது அப்படியே நின்றது. பந்தயத்தை மறந்துவிட்ட அந்த இளைஞரின் எண், ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஷார்ட்டரின் எண்ணைவிட அப்போதும் ஏறத்தாழ ஆறு புள்ளிகள் கூடுதல்.