ஒரே சட்டி, நான்கு இரவு: ஹௌக்வா ஆற்றங்கரையில் கேம்ப் ஓவன்

போன வருடம் ஈஸ்டர் விடுமுறைக்குக் கூடாரம் போடக் கிளம்பியபோது காரின் பின்பக்கம் முழுக்கச் சமையல் சாமான். கேஸ் அடுப்பு, இரண்டு சிலிண்டர், குக்கர், தோசைக்கல், அஞ்சறைப் பெட்டி, போதாததற்கு இட்லித் தட்டு வேறு. மகள் தூக்கப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்போர்னிலிருந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த தடவை ஒரே ஒரு கேம்ப் ஓவன்தான். அதில் சமைக்க முடியாததைச் சாப்பிட வேண்டாம்.

மனைவி மறுப்புச் சொல்லவில்லை. "சரி, குக்கர் வேணாம். ஆனா ரெண்டு பாக்கெட் பிரெட்டும் ஜாமும் என் பையில இருக்கும்" என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

கேம்ப் ஓவன் என்பது வார்ப்பிரும்புச் சட்டி. அடியில் மூன்று குட்டைக் கால், தூக்குவதற்கு வளைகம்பி, மேலே விளிம்பு எழும்பிய கனமான மூடி. கால் இருப்பதால் அடியில் தணல் பரப்பலாம். விளிம்பு இருப்பதால் மூடி மேலும் தணல் போடலாம், உருண்டு விழாது. நான் வாங்கியது நாலரை குவார்ட் அளவு, கிட்டத்தட்ட நான்கு லிட்டர் பிடிக்கும்; மூடியின் குறுக்களவு 10 அங்குலம். ஒன்பது குவார்ட்டையும் கடையில் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு வேண்டாம் என்றது. மூன்று பேருக்குச் சின்னதே தாராளம்.

கூட எடுத்தவை: கைப்பிடி குட்டையான மண்வாரி, தடித்த தோல் கையுறை, நீள இடுக்கி, மரக்கரண்டி, கத்தி, அலுமினியத் தாள் ஒரு சுருள், இரண்டு வாளி. மூடியைத் தூக்கும் கொக்கியும் வாங்கினேன். அது வீட்டிலேயே எங்கோ தங்கிவிட்டது.

வீட்டில் ஒத்திகை

புதுச் சட்டிக்குத் துருப் பிடிக்காமல் இருக்க மெழுகு பூசியிருந்தார்கள். கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பழக்கினேன். ஊரில் புது தோசைக்கல்லைப் பழக்குவதுபோலத்தான், என்ன பெரிய வித்தை என்று தாராளமாக எண்ணெயை ஊற்றித் தடவி ஒரு மணி நேரம் சூடேற்றினேன். ஆறியபின் தொட்டால் பலாப்பழம் அரிந்த கை மாதிரி பிசுபிசுப்பு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். எண்ணெயைத் தடவியபின் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும், தடவவே இல்லையோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு. அந்த மெல்லிய படலம்தான் 220 டிகிரியில் இறுகிக் கருப்பாகிறது. மூன்று தடவை செய்தேன்.

அப்புறம் கரி உருண்டைகளை வைத்து ஒரு சோதனை. இதற்கு ஒரு கணக்கு உண்டு. மூடியின் அங்குல அளவோடு மூன்றைக் கூட்டினால் மேலே வைக்கும் உருண்டைகள், மூன்றைக் கழித்தால் கீழே வைப்பவை. என் 10 அங்குல மூடிக்கு மேலே 13, கீழே 7. உள்ளே ஏறக்குறைய 175 டிகிரி கிடைக்கும், கேக் வேகிற சூடு. கணக்கு பொய்க்கவில்லை, உருளைக்கிழங்கும் பூண்டும் அழகாக வெந்தன. அந்தத் தெம்பில்தான் கிளம்பினேன்.

முதல் இரவு: தீய்ந்த குழம்பு

இடம் மான்ஸ்ஃபீல்ட் ஊரைத் தாண்டி ஹௌக்வா ஆற்றங்கரையில் உள்ள ஷீப்யார்ட் ஃபிளாட். மலை இறங்கும் மண் சாலை, கடைசியில் ஆற்றை ஒட்டிய புல்வெளி. வழியில் பெட்ரோல் பங்கில் வலைப் பையில் விற்கும் ரெட் கம் விறகு நான்கு பை வாங்கினோம். நல்ல கனமான கட்டை. பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிவிட்டால் தணல் மணிக்கணக்கில் நிற்கும். விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் விறகு மூட்டவே கூடாது. அதனால் கிளம்புமுன் காலையில் விக் எமர்ஜென்சி செயலியைப் பார்த்தோம், தடை இல்லை. சுற்றிலும் மூன்று மீட்டருக்குச் சருகு, சுள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்பதும் விதி. பழைய நெருப்புக் குழி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கூட்டுவது மகளின் வேலை.

கூடாரம் அடித்து முடிக்கும்போதே இருட்டிவிட்டது. குளிர், பசி. விறகு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சட்டியை அப்படியே எரிகிற விறகின் மேல் வைத்தேன். வெங்காயம், தக்காளி, வீட்டிலிருந்து கரைத்து பாட்டிலில் எடுத்து வந்த புளி, கத்திரிக்காய். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் கருகிவிட்டது, இன்னொரு பக்கம் கத்திரிக்காய் பச்சையாகவே கிடந்தது. குழம்பின் நிறமும் ஒரு மாதிரி கருத்துப் போயிற்று. வாயில் வைத்தால் பழைய சாவியை நக்கியது போல இரும்பு வாடை.

இரண்டு தப்பு. எரியும் சுவாலை சட்டியை ஒரே சீராகச் சுட வைக்காது, காற்று திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். இரண்டாவது, புளியும் தக்காளியும் புளிப்பு. மூன்றே தடவை பழக்கிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அவை அரித்துவிடும். பாட்டியின் இரும்புச் சட்டி ஐம்பது வருடம் பழகியது, அதை வைத்து நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

பிரெட்டும் ஜாமும் வெளியே வந்தன. மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் நாள்: டாம்பர்

பக்கத்துக் கூடாரத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக வந்திருந்தார். அவரிடம் இருந்தது வேறு வகை, பெடூரி ஓவன். குயின்ஸ்லாந்தின் பெடூரி என்ற ஊரின் பெயர். எஃகுத் தகட்டில் செய்தது, மூடியைக் கவிழ்த்தால் வாணலி. மாட்டு மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிப் போனவர்களுக்கு வார்ப்பிரும்புச் சட்டி சரிப்படவில்லையாம், பொதிக்குதிரையிலிருந்து விழுந்தால் விரிசல் விட்டுவிடும். தகடு நசுங்கும், உடையாது. என் தீய்ந்த சட்டியை எட்டிப் பார்த்தவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: நெருப்பு ஓர் இடத்தில் எரியட்டும், நீ வேறோர் இடத்தில் சமை.

அதாவது குழியின் ஒரு பக்கத்தில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து தணலை மட்டும் வாரி மறுபக்கம் பரப்பி, அங்கே சட்டி. சூடு குறைந்தால் இன்னும் ஒரு வாரி. கேஸ் அடுப்பில் திருகியைத் திருப்புகிறோமே, இங்கே அந்த வேலையை மண்வாரி செய்கிறது. நான் கொண்டு வந்ததிலேயே மதிப்பு மிகுந்த சாமான் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

டாம்பர் என்பது ஆஸ்திரேலியக் காட்டு ரொட்டி. அந்தக் காலத்தில் மாவு, உப்பு, தண்ணீர் மட்டும். இப்போது செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) மூன்று கப், உப்பு, 50 கிராம் வெண்ணெய், ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பால். அதிகம் பிசையக் கூடாது. பரோட்டா மாவு என்று நினைத்து அடித்தால் கல்லாகிவிடும்.

முதல் டாம்பர்: அடி கரி, மேலே வெள்ளை. தணலைக் கீழேதான் அதிகம் போட்டிருந்தேன், கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நமக்கு அடுப்பு என்றால் கீழேதானே இருக்கும். மூடியைத் திறக்கும்போது சாம்பலும் ரொட்டி மேல் கொட்டியது. கொக்கி இல்லாததால் இடுக்கியால் பிடித்துத் தூக்கினேன், சாய்ந்துவிட்டது.

இரண்டாவதற்கு அலுமினியத் தாளைக் கயிறு மாதிரி முறுக்கி வளையமாக்கி சட்டியின் அடியில் போட்டு, அதன் மேல் ரொட்டியை வைத்தேன். அடிப்பாகம் நேராக இரும்பைத் தொடாது. தணலில் மூன்றில் இரண்டு பங்கு மூடி மேல், ஒரு பங்குதான் கீழே, அதுவும் ஓரத்தில் வட்டமாக, நடுவில் காலியாக. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கால் வட்டம் ஒரு பக்கமும் மூடியைக் கால் வட்டம் எதிர்ப்பக்கமும் திருப்பினேன், ஓரிடத்துச் சூடு ஓரிடத்திலேயே நிற்காமல் இருக்க. திறக்குமுன் மூடியின் சாம்பலை யூகலிப்டஸ் கொத்தால் தட்டிவிட்டேன். முப்பது நிமிடம். தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல 'டொக்' என்றது. மகள் கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகை ஊற்றிப் பாதியை ஒரே மூச்சில் முடித்தாள். பக்கத்துப் பெரியவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மெதுவாக மென்றுவிட்டு, பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார்.

மூன்றாம் இரவு

மூடியில் தணலை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மண்டையில் உறைத்தது. இதை நான் பார்த்திருக்கிறேன்! வாணியம்பாடியில் கல்யாண வீட்டுக் கொல்லையில், தேக்சா என்ற பெரிய பிரியாணி அண்டாவின் மூடி மேல் தணலைக் கொட்டி 'தம்' போடுவார்கள். சின்ன வயதில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்று, எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். மேலும் கீழும் நெருப்பு வைக்கும் வித்தையை நான் வேறொரு நாட்டில் காசு கொடுத்துச் சட்டி வாங்கிக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் என்ன, பிரியாணிதான். அரை கிலோ சீரகச் சம்பா, அரை கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கோழி. ஆம்பூர் முறையில் அரிசியைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துச் சேர்க்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே சட்டி. அதனால் மசாலாவிலேயே அரிசியைப் போட்டுவிட்டேன். ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்கவும்.

கீழே நிறையத் தணல் போட்டு எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கல். இஞ்சி பூண்டு, ஊறவைத்து அரைத்துக் கொண்டு வந்த காய்ந்த மிளகாய் விழுது, கோழி, புதினா, மல்லி. முதல் இரவின் பாடம் மறக்கவில்லை. தக்காளி ஒன்று, தயிர் இரண்டு கரண்டி, அதற்கு மேல் புளிப்பு இல்லை. கோழி பாதி வெந்ததும் ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் கணக்கு, கொதி வந்ததும் ஊறிய அரிசி. தண்ணீரும் அரிசியும் சமமாக நிற்கும் நேரத்தில் கீழே இருந்த தணலில் பெரும்பகுதியை வாரி மூடி மேல் ஏற்றினேன். காலையில் மிஞ்சிய டாம்பர் மாவைத் திரித்து மூடியைச் சுற்றி ஒட்டினாள் மனைவி. அது அவள் யோசனை.

இருபது நிமிடம் தம், பத்து நிமிடம் சும்மா. ஆறு மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தது. மகள் மூன்று தடவை "அப்பா, திறக்கலாமா?" என்றாள். மாவைப் பெயர்த்து மூடியைத் தூக்கியதும் வந்த ஆவிக்குப் பக்கத்துப் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்.

அரிசி உதிரியாக வந்திருந்தது. அடியில் லேசாகப் பிடித்த காந்தலுக்குத்தான் சண்டை. உப்பு ஒரு சிட்டிகை குறைவு. உப்பு டப்பா எங்கே என்று இருட்டில் யாரும் தேடவில்லை.

நான்காம் நாளும் கிளம்பும் நாளும்

நான்காம் நாள் உப்புமா, பழுதில்லை. மூடியைக் கவிழ்த்துத் தோசை ஊற்றலாம் என்று மாவு கொண்டு போயிருந்தேன். மூன்று பிய்ந்தன, நான்காவது பாதி வந்தது. அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

கழுவுவதில் ஒன்றே ஒன்று: சூடாக இருக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றக் கூடாது, விரிசல் விடும். வெந்நீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டி, தணல் மேல் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டி, எண்ணெய் தடவ வேண்டும். நெருப்பை அணைக்கத் தண்ணீர்தான், மண் போட்டு மூடக் கூடாது. மண்ணுக்கடியில் தணல் உயிரோடு இருக்கும், யாராவது வெறுங்காலில் மிதிப்பார்கள். ஐந்து வாளி ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுக் குளிர்ந்த பிறகுதான் வண்டி எடுத்தோம்.

ஆனால் கடைசி நாள் அவசரத்தில் சட்டியை ஈரத்தோடு மூடிக் காரில் ஏற்றியிருக்கிறேன். புதன்கிழமை கராஜில் திறந்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் துரு. கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. மறுபடி மூன்று தடவை பழக்கினேன், இந்த முறை எண்ணெயை நன்றாகத் துடைத்து. இப்போது சட்டி கராஜில் இல்லை, சமையலறை அடுப்பின் மேலேயே இருக்கிறது. நேற்று அதில் மனைவி வெண்டைக்காய் வதக்கினாள். கொக்கியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.