இரும்புச்சத்து டிரிப்ஸ்: ஊசிக்கு முன்னும் பின்னும்

"மாத்திரையில் ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) ஏறவில்லை, டிரிப்ஸ் போட்டுவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். இதில் யாருடைய ரத்தமும் உள்ளே போவதில்லை. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைத் தயாரிக்கத் தேவைப்படும் இரும்பு மட்டும், குடலைத் தவிர்த்து நேராக நரம்பு (ரத்தக்குழாய்) வழியே போகிறது. அதனால் ஊசி போட்ட அன்றே தெம்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹெச்.பி. நகரவே இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

ஒப்புக்கொள்ளும் முன், குறைவது இரும்புதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் சந்தேகமில்லை. காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது எடுத்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். ரத்த அணுக்கள் சிறுத்திருந்தும் ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறதென்றால், பிறவியிலேயே வரும் ரத்தக் குறையான தலசீமியாவின் லேசான வகையாக (தலசீமியா கூறு) இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு ஏற்றுவது வீண். வைட்டமின் பி12 குறைவும் இரும்புக் குறைவோடு சேர்ந்து வரலாம், சைவ உணவுக்காரர்கள் அதையும் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: மாத்திரை உண்மையிலேயே தோற்றதா? டீ, காபியோடு போட்டிருந்தாலோ கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கியிருந்தாலோ தோற்றது மாத்திரை அல்ல, போட்ட முறை.

எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடையை, ஏற வேண்டிய ஹெச்.பி. அளவால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, உடம்பின் சேமிப்புக்காக 500 சேர்க்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள கர்ப்பிணிக்கு ஹெச்.பி. 7, அதை 11க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 480 கூட்டல் 500, அதாவது 980 மில்லிகிராம். டிரிப்ஸில் ஏற்றும் இரும்பு மருந்து அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், அதாவது எஃப்.சி.எம்., என்றால் எடையைப் பொறுத்து 1000 மில்லிகிராம் வரை ஒரே தடவையில் முடியும், விலை கூடுதல். பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் சுக்ரோஸ்தான். இரண்டு ஊசியிலேயே "கொஞ்சம் பரவாயில்லை" என்று தோன்றும், மூன்றாவதுக்கு வரமாட்டார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இரண்டுமே போடுவதில்லை.

வரும்போது வயிறு காலியாக இருக்க வேண்டாம். சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பு எளிதாகக் கிடைக்கும். காய்ச்சல், சளித்தொல்லை, சிறுநீர்த் தொற்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமிக்கும் இரும்பு உணவு, அதனால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். ஆஸ்துமா, பழைய மருந்து அலர்ஜி இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஆம்பூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பியில்) இருக்கும்போது மருந்து காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். 100 மில்லி சலைனில் (உப்புநீரில்) கலந்தால் பால் ஊற்றாத டீ மாதிரி ஆகிவிடும். நார்மல் சலைன் மட்டும்தான், குளுக்கோஸ் பாட்டில் கூடாது. அதிகம் நீர்த்துப்போனால் மருந்து நிலைகுலையும் என்பதால் 500 மில்லி பாட்டிலிலும் கலக்கக் கூடாது. 200 மில்லிகிராம் சுக்ரோஸ் ஏற 15 முதல் 30 நிமிடம். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்று வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். பி.பி. இறங்கித் தலைசுற்றுவது பெரும்பாலும் அதனால்தான்.

எல்லாவற்றையும்விட கவனம் வேண்டியது வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைக்கும் குழாய் ஊசி) குத்திய இடத்தில். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலுக்கடியில் துருக்கறை மாதிரி பழுப்பு நிறம் படியும். மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்குப் போகவே போகாது. இதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்கை மடிப்பை விட முன்கை நல்லது, ஏனென்றால் கை மடங்கினால் ஊசி நகரும். முதலில் வெறும் சலைன் செலுத்திப் பார்த்து, வலியோ வீக்கமோ இல்லையென்று தெரிந்த பிறகே மருந்தை இணைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி சலைன் விட்டுக் குழாயைக் கழுவிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். போர்வைக்குள் கையை மறைக்காதீர்கள். எரிச்சல், இழுப்பு, வீக்கம் எது தெரிந்தாலும் "சிஸ்டர், நிறுத்துங்க" என்று அந்த நிமிடமே சொல்லுங்கள். பாட்டில் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கறை பெரிதாகும்.

வாயில் இரும்பு வாடை வருவது சாதாரணம். ஆரம்பித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கி, முதுகு வலித்தால், அது அனேகமாக அலர்ஜி அல்ல. நிறுத்திவிட்டு 15 நிமிடம் பார்த்தால் தானாக அடங்கும், பிறகு வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். அவில் போன்ற தூக்கம் தரும் அலர்ஜி ஊசியை அவசரப்பட்டுப் போட்டால் பி.பி. இறங்கி, சின்ன விஷயம் பெரிதாகத் தோன்றும். ஆனால் உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால், உடம்பெங்கும் தடித்தால் அது உண்மையான அலர்ஜி. அப்போது தேவை தொடையில் அட்ரினலின் ஊசி, தாமதமே கூடாது. மிக அரிது என்றாலும், இதற்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த டிரிப்ஸைப் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வரவழைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். முதலில் மருந்தைக் கொஞ்சமாக ஏற்றிச் சோதிக்கும் பழக்கத்தையும் நம்பி இருக்க முடியாது. அதில் ஒன்றும் ஆகாதவருக்கும் பிறகு அலர்ஜி வரலாம் என்பதால், 2013லேயே ஐரோப்பிய மருந்து முகமை அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கர்ப்பிணி என்றால் குழந்தையின் இதயத்துடிப்பையும் பார்ப்பார்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்புவலி, லேசான காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் போதும். ஊசி நடக்கும் நாட்களில் இரும்பு மாத்திரை வேண்டாம். ஆனால் அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது, அதை நிறுத்தினால் ஃபோலிக் அமிலமும் நின்றுவிடும். தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு வாரம் கழித்து ஹெச்.பி. பாருங்கள், 2 கிராம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். ஃபெரிட்டினை அவசரப்பட்டுப் பார்த்தால் ஏற்றிய மருந்தே எண்ணை உயர்த்திக் காட்டும், இரண்டு மூன்று மாதம் போகட்டும். எஃப்.சி.எம். பலமுறை போட்டவர்களுக்கு ஹெச்.பி. ஏறியும் அசதி கூடினாலோ எலும்பு வலித்தாலோ ரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடியது.

ஹெச்.பி. ஏறி மறுபடி இறங்குகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு. மற்றபடி மூலம், குடற்புண், கொக்கிப்புழு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எண்டோஸ்கோப்பி மூலம் குடலின் உள்ளே பார்க்காமல் டிரிப்ஸ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், குடல் புற்றுநோய் கண்ணில் படாமலே வளர இடமுண்டு. போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் சீட்டிலோ தாய் சேய் நல அட்டையிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.