டைனமோ மாற்றிய பின் தப்பாகக் காட்டிய ஆர்பிஎம் முள்

எங்கள் பழைய ஆறு சிலிண்டர் லாரியில் டைனமோவை (எஞ்சின் பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் பட்டறைகளில் அதற்கு இதே பெயர்தான்) மாற்றிய மறுநாளே, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கூடுதலாகக் காட்டத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஐடிலில் முள் 780-இல் நின்றது. சத்தத்தைக் கேட்டால் 600-ஐத் தாண்டாது என்றார் ஓட்டுநர். முள்ளை நம்பி அவர் முன்கூட்டியே கியரை ஏற்றியதால், மேட்டில் வண்டி திணறியது.

பெட்ரோல் வண்டியில் மீட்டருக்குத் துடிப்பு தரும் இக்னிஷன் காயில் டீசல் எஞ்சினில் கிடையாது என்பதால், நேர்மின்னோட்டமாக மாற்றும் டயோடுகளைக் கடப்பதற்கு முன் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையில் கிடைக்கும் மாறுமின்னோட்டத்தின் துடிப்புகளைத்தான் எங்கள் மீட்டர் எண்ணுகிறது. நான் முதலில் எர்த் ஒயரைச் சந்தேகித்து அரை நாளை வீணடித்தேன். பிறகு எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியில் நகம் அகல மினுக்கு ஸ்டிக்கரை ஒட்டி, ஒளிக்கற்றையால் சுற்றுகளை எண்ணும் கைக்கருவியை இரவல் வாங்கி அளந்தேன். (வேட்டியோடு ஓடும் பெல்ட்டின் அருகே குனியக் கூடாது.) கருவி 600 என்றபோது முள் 780, 1500 என்றபோது 1950. எர்த் கோளாறாக இருந்தால் முள் துள்ளும். இங்கோ இரண்டு இடத்திலும் பிழை சரியாக 1.3 மடங்கு.

கழற்றிப் போட்ட பழைய டைனமோவின் புல்லியை அளந்தபோது விட்டம் 78 மில்லிமீட்டர், புதியது 60. சின்னப் புல்லி வேகமாகச் சுற்றியதால் துடிப்புகளும் அதே விகிதத்தில் கூடியிருந்தன. பெல்ட் விளிம்பில் ஓடாமல் பள்ளத்துக்குள் ஓடுவதால், அந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், எஞ்சினை 1500-இல் நிறுத்திப் பிடித்து, மீட்டரின் பின்புறத் திருகைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கருவியோடு பொருத்தினேன்.

ஆனாலும் ஹெட்லைட்டைப் போட்டு 2200-க்கு ஏற்றியபோது முள் 80 சுற்றுகள் குறைத்துக் காட்டியது. சுமை கூடியதும் பெல்ட் வழுக்கியிருக்கிறது. அதை இறுக்கிய பின் மூன்று வேகத்திலும் முள் ஒத்துப்போனது.

இப்போது ஸ்டார்ட் செய்ததும் முள் சற்று நேரம் பூஜ்யத்திலேயே கிடக்கிறது, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தட்டினால்தான் எழுகிறது என்று ஓட்டுநர் கவலைப்பட்டார். ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும் வரை டபிள்யூ முனையில் துடிப்பு வராது என்பதை விளக்கிய பிறகே சாவியை வாங்கிக்கொண்டார்.